பெரும் பணக்காரர்களின் சொத்துக்கு ஆண்டுதோறும் வரி போட வேண்டுமா? இந்தியாவில் அது எடுபடுமா?

போடலாம். ஆனால் 2015 வரை நம்மிடம் இருந்த செல்வ வரியை அப்படியே திரும்பக் கொண்டுவருவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அந்த வரி ஒழிகிற வரை வருஷா வருஷம் அதற்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். டிவியில் ஒருவர் ‘பணக்காரனுக்கு வரி போடு’ என்பார், எதிரே இருப்பவர் ‘போட்டால் துபாய்க்குப் போய்விடுவான்’ என்பார். எந்தச் சொத்தைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று மட்டும் இரண்டு பேருமே பேச மாட்டார்கள். வரி யார் தலையில் விழுகிறது என்பது அங்கேதான் முடிவாகிறது.

பழைய கதையைச் சொன்னால் புரியும். 1993-க்குப் பிறகு செல்வ வரி எல்லாச் சொத்துக்கும் கிடையாது. நகை, தங்கக் கட்டி, நகரத்துக் காலிமனை, கார், படகு, விமானம், 50,000 ரூபாய்க்கு மேல் கையிருப்புப் பணம், குடியிருக்கும் வீடு தவிர பூட்டிக் கிடக்கும் இன்னொரு வீடு, இவ்வளவுதான். கம்பெனிப் பங்குகள் கணக்கிலேயே வராது. கடைசி வருஷங்களில் 30 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 1 சதவீதம்.

இதில் மாட்டியவர்களைப் பாருங்கள். எங்களிடம் வந்த ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அம்மா போட்ட நகை, மாமியார் கொடுத்த அட்டிகை, வைரத்தோடு, அப்புறம் கணவர் உயிரோடு இருந்தபோது மேடவாக்கத்தில் வாங்கிப்போட்ட ஒரு மனை. தங்கம் விலை ஏற ஏற அந்தம்மா ஒன்றும் வாங்காமலேயே பணக்காரர் ஆகிவிட்டார். மார்ச் 31 அன்றைய சந்தை விலைக்கு நகையை மதிப்பிட வேண்டும். அதற்கென்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் லாக்கருக்கே தராசோடு வருவார். ஒவ்வொன்றாக எடை போட்டு, கல் எடை கழித்து, வைரத்தைத் தனியாக காரட் கணக்கில் எழுதி அறிக்கை கொடுப்பார். மொத்தம் 42 லட்சம் வந்தது. வரி 12,000 ரூபாய். மதிப்பீட்டாளர் கூலியும் எங்கள் ஃபீஸும் அதைத் தாண்டிவிட்டது. “நான் என்ன டாடா பிர்லாவா சார்?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பெரிய ஆள், பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு கம்பெனியின் புரமோட்டர், அதாவது பெரும்பங்கு வைத்திருக்கும் முதலாளி. அவர் சொத்தில் முக்கால்வாசிக்கு மேல் பங்குகள். அதற்கு வரி இல்லை. குடியிருந்த வீட்டுக்கு விலக்கு. ஆழ்வார்பேட்டையில் பூட்டிக் கிடந்த அவருடைய பூர்வீக பங்களா கணக்கில் வந்தது, ஆனால் எப்படி வந்தது என்று கேளுங்கள். நகைக்கு சந்தை விலை என்று சொன்ன அதே சட்டம், வீட்டுக்கு வேறு கணக்கு வைத்திருந்தது. வாடகைக்கு விடாத வீடென்றால் மாநகராட்சி வைத்திருக்கும் ஆண்டு மதிப்பை எடு, அதில் உள்ளூர் வரியையும் 15 சதவீதத்தையும் கழி, மீதியை 12.5-ஆல் பெருக்கு. தோட்டம் பெரிதாக இருந்தால் மேலே கொஞ்சம் கூட்டிக்கொள். மாநகராட்சி மதிப்போ எந்தக் காலத்திலோ போட்டது. பெருக்கிப் பார்த்தால் அதே தெருவில் புதிதாகக் கட்டிய ஒரு ஃபிளாட்டின் விலைகூட வராது. திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, எல்லாம் சட்டப்படிதான்.

இப்படி ஒரு வரியில் பணம் எங்கிருந்து வரும்? 2013-14-ல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடி ரூபாய். 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதை எடுத்துவிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் (வருமான வரியின் மேல் போடும் வரி) போட்டார். அதில் சுமார் 9,000 கோடி வரும் என்றார். கணக்காகப் பார்த்தால் நல்ல முடிவுதான். ஆனால் சர்சார்ஜ் வருமானத்தைப் பார்த்து விழுவது, சொத்தைப் பார்த்து அல்ல. ஓஎம்ஆர் ஐடி கம்பெனியில் ஒன்றரைக் கோடி சம்பளம் வாங்குபவர் தப்ப முடியாது. பத்தாயிரம் கோடிக்குப் பங்கு வைத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைவாக எடுத்துக்கொள்பவரை அது தொடாது.

பங்குகளை விட்டதற்கு அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வரியைக் கொண்டுவந்தவர் நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1957-ல், நிதியமைச்சராக இருந்தபோது. யோசனை கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டருடையது. கால்டர் சொன்னது ஒரு பேக்கேஜ்: செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி எல்லாம் போடுங்கள், பதிலுக்கு வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்கு இறக்குங்கள். நம்மவர்கள் போடச் சொன்னதைப் போட்டார்கள், இறக்கச் சொன்ன அளவுக்கு இறக்கவில்லை. 1973-74-ல் உச்ச வருமான வரி 97.75 சதவீதத்தில் போய் நின்றது. அதற்கு மேல் செல்வ வரி வேறு. ஒழுங்காகக் கட்டினால் வருமானத்தைவிட வரி அதிகம் என்ற நிலையில் யார் ஒழுங்காகக் கட்டுவார்கள்? 1991-க்குப் பிறகு வரிச் சீர்திருத்தத்துக்காக அமைத்த ராஜா செல்லையா குழு இதைச் சரிசெய்யப் பார்த்தது. தொழிலில் போடும் பணத்தை விட்டுவிடுங்கள், முடங்கிக் கிடக்கும் தங்கத்துக்கும் மனைக்கும் மட்டும் போடுங்கள் என்றது. தொழில் முதலீட்டுக்கு நாடு தவித்த காலம் அது. இன்றைக்கு நிலைமை வேறு. ஏற்றத்தாழ்வை ஆராயும் வேர்ல்ட் இனிக்வாலிட்டி லேப் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-23-ல் நாட்டின் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினர் கையில். அதன் உச்சியில் இருப்பவர்களின் செல்வம் பெரும்பாலும் பங்குகளாகத்தான் இருக்கிறது, ஒட்டியாணமாக இல்லை.

(சென்னையில் மியூசிக் அகாடமி இருக்கும் சாலைக்கு இந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயர்தான், டி.டி.கே. சாலை. அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். செல்வ வரி போட்டவர் பெயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது.)

வெளிநாட்டில் இப்போது நடக்கும் சண்டையும், எந்தச் சொத்தைச் சேர்ப்பது என்ற இதே இடத்தைச் சுற்றித்தான். 2024-ல் பிரேசில் ஜி20-க்குத் தலைமை வகித்தபோது பிரெஞ்சுப் பொருளியலாளர் கேப்ரியல் சுக்மன் ஓர் அறிக்கை கொடுத்தார். உலகத்தில் சுமார் 3,000 டாலர் பில்லியனர்கள், அவர்கள் கட்டும் வரி எல்லாம் சேர்ந்து சொத்தில் குறைந்தது 2 சதவீதமாவது இருக்க வேண்டும், அப்படிச் செய்தால் வருஷத்துக்கு 20,000 முதல் 25,000 கோடி டாலர் வரும் என்றார். பங்குகளும் இதில் சேர்த்தி. பிரான்சில் 10 கோடி யூரோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு இதைக் கொண்டுவரும் மசோதாவை 2025 பிப்ரவரியில் கீழவை ஏற்றது, ஜூனில் மேலவையான செனட் தள்ளிவிட்டது. 1990-ல் ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பு) நாடுகளில் 12 செல்வ வரி வைத்திருந்தன, 2017-ல் மிச்சம் 4. எதிர்ப்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். தவறில்லை. ஆனால் கைவிட்ட நாடுகளில் பலவற்றில் வரம்பு குறைவு, விலக்கு ஏராளம். நடுத்தர வர்க்கம் கட்டியது, உச்சியில் இருந்தவர்கள் நழுவினார்கள். நம் தலைமை ஆசிரியை கதைதான்.

‘ஓடிவிடுவார்கள்’ என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2022-ல் நார்வே செல்வ வரி விகிதத்தை ஏற்றியதும் சில பெரும் பணக்காரர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இதில் வேடிக்கை, சுவிட்சர்லாந்திலும் செல்வ வரி உண்டு, மாகாணங்கள் வசூலிக்கின்றன. ஆனால் தனிநபர் பங்கு விற்ற லாபத்துக்கு அங்கே பொதுவாக வரி இல்லை. மொத்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆள் நகர்கிறான், ஒரு வரியைப் பார்த்து அல்ல.

‘ஏற்கெனவே வரி கட்டிய பணம்தானே’ என்ற வாதம்தான் எனக்கு ஒப்பவில்லை. பங்கு விலை ஏறியதற்கு யாரும் வரி கட்டவில்லை, விற்றால்தான் கட்ட வேண்டும். விற்றாலும், ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பட்டியலிட்ட பங்கென்றால் 12.5 சதவீதம், அதற்கு மேல் சர்சார்ஜ். சம்பளம் என்றால், வருமான வரியின் புதிய முறையில் 24 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு 30 சதவீதம். விற்காமல் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. இறந்தவர் சொத்துக்குப் போட்ட எஸ்டேட் டியூட்டி 1985-ல் போயிற்று, நன்கொடை வரி 1998-ல் போயிற்று.

என்னைக் கேட்டால்: 100 கோடிக்குக் கீழே யாரையும் தொடாதீர்கள். நகை, குடியிருக்கும் வீடு இவற்றைத் துருவ வேண்டாம், தராசுக்காரர் லாக்கருக்கு வர வேண்டாம். பட்டியலிட்ட பங்குகளுக்கு மட்டும் 1 சதவீதத்தில் தொடங்குங்கள். பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் யாரிடம் என்ன இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும், விலை தினமும் மாலை மூன்றரைக்குச் சந்தையே சொல்கிறது. டிரஸ்ட், ஹோல்டிங் கம்பெனி (பங்கு வைத்திருப்பதற்கென்றே தொடங்கும் கம்பெனி) வழியாக வைத்திருப்பதையும் அந்தக் குடும்பத்தின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் எல்லாம் அங்கே போய்விடும். கையில் ரொக்கம் இல்லை என்பார்கள். டிவிடெண்ட் வாங்கட்டும், போதாவிட்டால் கொஞ்சம் பங்கு விற்கட்டும். வேறு தேவைகளுக்கு விற்கத்தானே செய்கிறார்கள். பட்டியலிடாத கம்பெனிகள்தான் உண்மையான தலைவலி. முதலீட்டாளர் சொன்ன மதிப்பை நம்பி ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனருக்கு வரி போட்டால் அடுத்த வருஷம் கம்பெனியே இருக்காது. அவற்றுக்கு, விற்கும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் டெல்லியில் நடக்க வேண்டியது. நம் கோட்டையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சென்னையில் 80 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7,20,000 ரூபாய். பெரும்பாலும் அதுவும் கடன்தான். அப்பா மகனுக்கு வீட்டை செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதிக்கொடுத்தால் முத்திரைத்தாள் 1 சதவீதம், ஆனால் அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. பெரம்பூரில் 50 லட்சம் பெறும் வீட்டுக்கும் 50,000 ரூபாய், போட் கிளப்பில் 50 கோடி பெறும் வீட்டுக்கும் 50,000 ரூபாய். பெரம்பூர்க்காரருக்கு இந்த உச்சவரம்பு பெரிய உதவி, அதில் கை வைக்கக் கூடாது. 10 கோடிக்கு மேல் மட்டும் வரம்பை எடுத்துவிட்டு அதே 1 சதவீதத்தை வாங்கலாம். முத்திரைத்தாள் கட்டணம் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது.