சொந்தக் காலும் வாய்க்காலும்

கேள்வி: மகனுக்கு 24 வயது. இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் ஐந்து மாதம் வேலை பார்த்தான். விட்டுவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. மதியம்தான் எழுந்திருக்கிறான். செல்போன் ரீசார்ஜ் முதல் பைக் பெட்ரோல் வரை நான்தான் கொடுக்கிறேன். கண்டித்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். இருக்கிற இரண்டு ஏக்கரை அவன் அப்பா பார்க்கிறார். ஒரே பிள்ளை, எங்களுக்கு இன்னும் குழந்தைதான். அவனைச் சொந்தக் காலில் நிற்க வைக்க என்ன செய்வது?
— ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: கால் என்று எழுதினீர்கள், மாட்டிக்கொண்டீர்கள். எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துகிறவருக்கும் எனக்கும் இருபது வருடமாக நடக்கும் வழக்கே இந்தக் காலில்தான். நான் வாய்க்கால் என்று எழுதுவேன், அவர் கால்வாய் என்று திருத்துவார். அவர் ஊரில் கிணற்றுப் பாசனம், மன்னிக்கலாம். ஆனால் டெல்டாவில் யார் கால்வாய் என்கிறார்கள்? ஆறு, வாய்க்கால், வடிகால், தீர்ந்தது கதை. 'அப்போ கல்லணைக் கால்வாய்?' என்று ஒவ்வொரு முறையும் அதே அஸ்திரத்தை எடுப்பார். சரி, அரசாங்கக் காகிதத்தில் அப்படி இருக்கிறது. தஞ்சாவூரில் போய்க் கேட்டால் புது ஆறு என்பார்கள். 1934-ல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது. தொண்ணூறு தாண்டியும் இன்னும் 'புது' ஆறு! இந்தச் சீமையில் 24 வயதுப் பையன் குழந்தையாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, அம்மா.

அந்தக் குழந்தைக்கு நீங்கள் வாய்க்கால் நன்றாகவே வெட்டியிருக்கிறீர்கள். ரீசார்ஜ், பெட்ரோல், மதியம் சூடாகச் சோறு, எல்லாம் பாய்கிறது. உங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கே ஷட்டர் எதற்கு இருக்கிறது? உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார். கட்டிய தண்ணீர் மறைந்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும்போதுதான் அடுத்த தண்ணீர். அப்போதுதான் வேர் கீழே இறங்கும், தூர் கட்டும். எந்நேரமும் தண்ணீர் நிற்கிற வயலில் வேருக்குக் காற்றே கிடைக்காது. மயிரிழை வெடிப்பு என்றேன், பாளம் பாளமாக அல்ல. திடீரென்று ஒருநாள் சோற்றை நிறுத்தி வீரம் காட்டாதீர்கள். 'அடுத்த மாதத்திலிருந்து ரீசார்ஜ் உன் பொறுப்பு' என்று இப்போதே சொல்லிவிட்டு, அந்த மாதம் வந்ததும் சொன்னபடி இருங்கள். நடு இரவில் டேட்டா தீர்ந்து அவன் முகம் வாடும்போது உங்கள் கை பர்ஸுக்குப் போகும். கஷ்டமான இடம் அதுதான். அவனுக்கல்ல, உங்களுக்கு.

வடிகாலுக்கு வருகிறேன். வாய்க்காலுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட வடிகாலுக்கு யாரும் காட்டுவதில்லை என்று இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு ஐப்பசியிலும் எழுதுகிறேன், ஒவ்வொரு கார்த்திகையிலும் பயிர் மூழ்குகிறது. மூழ்கிய பயிரை யாராவது திட்டுகிறார்களா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பை வெட்டி விடுகிறோம். நீங்கள் எனக்கு இவ்வளவு எழுதினீர்கள். சென்னை வேலையை அவன் ஏன் விட்டான் என்று ஒரு வரி இல்லை. மறந்துவிட்டீர்களா, இந்த எட்டு மாதத்தில் கேட்கவே இல்லையா? கண்டிக்காமல் கேளுங்கள். நீங்கள் கேட்டு அவன் சொல்லவில்லை என்றால் சித்தப்பாவோ மாமாவோ கேட்கட்டும். தூக்கம் தலைகீழாகி, சாப்பாடு குறைந்து, சிநேகிதர்களும் வேண்டாம் என்று வாரக்கணக்கில் கிடக்கிறான் என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம். முதலில் நீங்களே கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். உங்களுக்கும் வடிகால் வேண்டும்.

அப்புறம், கால் என்றால் நாலில் ஒன்று. சொந்தக் காலில்தானே நிற்க வேண்டும்? சொந்த முழுசில் இல்லையே! இரண்டு ஏக்கரில் கால் பங்கு ஐம்பது சென்ட், நம் கணக்கில் ஒன்றரை மா. அவன் உடம்பும் மனசும் சரியாக இருந்தால் அதை அவனிடம் விடச் சொல்லுங்கள். விதைநெல், நடவுக் கூலி, உரம் எல்லாம் அவன் நோட்டில். விவசாயி ஆகிவிடச் சொல்லவில்லை, ஒரு குறுவைப் போகத்துக்குக் கணக்கு எழுதட்டும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொன்னால் காயவைத்து, திரும்பக் காட்டி, தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு ராத்திரி கிடக்கட்டும். அந்த இடத்தில் மதியம் வரை தூங்க முடியாது. நஷ்டம் வந்தால் ஒன்றரை மாவோடு போகும். அவன் அப்பா வரப்பில் நின்று யோசனை சொல்லாமல் இருப்பாரா என்பதுதான் என் கவலை.

இந்தப் பதிலில் வாய்க்கால் என்று நான் எழுதிய இடமெல்லாம் அச்சில் கால்வாய் என்று வந்திருந்தால் ஒரு தபால் கார்டு போடுங்கள். சாட்சிக்கு ஆள் தேவைப்படுகிறது.