கோடும் அளவும்: வாசகர் கேள்வி – பதில்

பொறியியல் வரைபடம் குறித்துக் காரைக்குடி வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதம் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். டிராயிங் வகுப்புக்குக் கொடுத்த பட்டியல் மிக நீளமாக இருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாகவே வாங்க வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டியதில்லை. அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி 1952-இல் தொடங்கப்பட்டதிலிருந்து டிராயிங் படித்தவர்களுக்குக் குறைவில்லாத ஊர் உங்களுடையது. முதலாண்டு முடித்த மாணவர்களிடம் கேட்டால் நல்ல மினி டிராஃப்டர் (பலகையில் பொருத்திக் கோடும் கோணமும் வரையும் கருவி) பாதி விலைக்குக் கிடைத்துவிடும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். கிளாம்பைப் பலகையில் இறுக்கி, கோணத்தைப் பூச்சியத்தில் பூட்டி, தாளின் மேற்புறத்தில் ஒரு நீண்ட கிடைக்கோடும் கீழ்ப்புறத்தில் இன்னொன்றும் வரையச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்தால் வாங்கலாம். வேறுபட்டால் மூட்டுகள் தேய்ந்துவிட்டன, இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஏ2 தாளுக்கு 700 × 500 மில்லிமீட்டர் பலகை போதும். அதுவும் பழையதாகவே இருக்கலாம். மேற்பரப்பு வளையாமல், இடது விளிம்பு நேராக இருந்தால் சரி.

சிக்கனம் பார்க்கக் கூடாதவை பென்சிலும் கவராயமும். ஏழெட்டு வகைப் பென்சில் தேவையில்லை. துணைக்கோடுகளுக்கு 2ஹெச், பொருளின் வெளிக்கோட்டுக்கு ஹெச், எழுத்துக்கு ஹெச்பி ஆகிய மூன்றும் நல்ல தயாரிப்பாக இருந்தால் ஆண்டு முழுதும் ஓடும். எழுதும் பென்சிலைக் கூம்பாகச் சீவ வேண்டும். கோடு போடும் பென்சிலின் முனையை உப்புத்தாளில் இரு பக்கமும் தேய்த்து உளி போலத் தட்டையாக்கிக்கொண்டால், கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் விழும். கவராயத்தில் ஊசி முனை பென்சில் முனையைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். ஊசி தாளில் இறங்கியதும் இரண்டும் சமமாகிவிடும். கவராயத்தைக் கையால் அழுத்த முடியாது என்பதால், அதில் ஒரு படி மென்மையான பென்சிலைப் போட்டால்தான் வட்டமும் நேர்கோடும் ஒரே கருமையில் அமையும். பள்ளிப் பெட்டியில் இருந்த இரண்டு மூலைமட்டங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 45 பாகை மட்டத்தையும் 30–60 மட்டத்தையும் சேர்த்து வைத்தால் 15, 75, 105 என்று பதினைந்தின் மடங்காக வரும் கோணம் எதையும் பாகைமானி இல்லாமலே போடலாம்.

கேள்வி: நான் பாலிடெக்னிக் மாணவன். வடிவமும் அளவும் சரியாக இருந்தும், கோடுகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். கோட்டின் தடிமனுக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன், ஐயா?
– மாணவர், தேவகோட்டை

பதில்: உங்கள் ஆசிரியர் செய்தது சரி, தம்பி. பட்டறையில் வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர் வரைந்தவரிடம் வந்து சந்தேகம் கேட்க முடியாது. எது பொருளின் விளிம்பு, எது உள்ளே மறைந்த துளை, எது அளவு சொல்வதற்காக மட்டும் போட்ட கோடு என்பதை அவருக்குக் கோட்டின் வகையும் தடிமனுமே சொல்ல வேண்டும்.

நடுவில் துளையுள்ள ஓர் உருளையான புஷ்ஷைப் பக்கவாட்டில் பார்த்து வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிவிளிம்பு தொடர்ச்சியான தடித்த கோடு. உள்ளே இருக்கும் துளை வெளியிலிருந்து தெரியாது. ஆகையால் அது சிறு சிறு துண்டுகளாலான இடைவிட்ட கோடு. இரண்டுக்கும் நடுவே ஓடும் அச்சு, நீண்ட துண்டும் குறுந்துண்டும் மாறி மாறி வரும் மெல்லிய சங்கிலிக்கோடு. அது வெளிவிளிம்பைத் தாண்டிச் சற்று நீண்டிருக்க வேண்டும். அளவுக்கோடு, அதைத் தாங்கும் நீட்டிப்புக்கோடு, வெட்டுப்பரப்பில் போடும் சாய்கோடுகள் ஆகிய எல்லாம் தொடர்ச்சியான மெல்லிய கோடுகள். தடித்தது மெல்லியதைப் போல இருமடங்கு இருக்க வேண்டும் என்பது விதி. இனி இந்தப் புஷ்ஷையே எல்லாக் கோடும் ஒரே தடிமனாக வரைந்து பாருங்கள்: ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்தாறு கிடைக்கோடுகள் தெரியுமே தவிர, இது துளையா, படியா, பள்ளமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் விழுந்தால் தெரியும் விளிம்புக்கு முதலிடம், மறைந்த விளிம்புக்கு அடுத்த இடம், அச்சுக்கோட்டுக்குக் கடைசி இடம். வட்டத்தின் மையத்தில் இரு அச்சுக்கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது நீண்ட துண்டுகளே வெட்டிக்கொள்ள வேண்டும். இடைவெளியும் இடைவெளியும் சந்தித்தால் கவராயத்தின் ஊசியை எங்கே ஊன்றுவது?

கேள்வி: வகுப்பில் மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரையச் சொல்கிறார்கள். நான் பார்த்த வெளிநாட்டுக் காணொளியில் மேலே வரைகிறார்கள். எது சரி?
– மாணவி, பள்ளத்தூர்

பதில்: இரண்டும் சரி, ஒரே தாளில் இரண்டையும் கலப்பதுதான் தவறு. பொருளின் தோற்றங்களைத் தளத்தில் விழச்செய்து வரைவதை வீழல் என்கிறோம்; உங்கள் வகுப்பில் சொல்லித்தருவது முதற்கோண வீழல். பள்ளி, கல்லூரிகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட எஸ்.பி. 46 என்னும் கையேடு அதையே பின்பற்றுகிறது. அமெரிக்காவில் வழங்குவது மூன்றாம் கோண வீழல்.

மனப்பாடம் செய்வதைவிடச் செய்து பார்ப்பது மேல். சுவரும் தரையும் சேரும் மூலைக்கு அருகே ஒரு தீப்பெட்டியைத் தூக்கிப் பிடியுங்கள். சுவருக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் பெட்டியின் முன்தோற்றம் அதற்குப் பின்னாலுள்ள சுவரில் விழுகிறது; மேலிருந்து பார்த்தால் மேல்தோற்றம் கீழே தரையில் விழுகிறது. இப்போது தரையை ஒரு கதவைப் போலக் கீழ்நோக்கிச் சுழற்றிச் சுவரோடு ஒரே தளமாக்கினால், மேல்தோற்றம் தானாகவே முன்தோற்றத்துக்கு அடியில் வந்துவிடும். இடப்பக்கத்திலிருந்து பார்த்தது வலப்பக்கத்தில் விழுவதற்கும் இதே காரணம். மூன்றாம் கோணத்தில் தளம் பார்ப்பவருக்கும் பொருளுக்கும் இடையே கண்ணாடியாக நிற்கிறது. ஆகவே மேலிருந்து கண்டது மேலேயே தங்கிவிடுகிறது. இந்த இரு வீழல் முறைகளுக்கும் அடிப்படை போட்டவர் காஸ்பார் மோன்ஜ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். கோட்டைகள் கட்டும் கலையிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் பிறந்த அவருடைய முறை, முதலில் சில காலம் இராணுவ இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது.

எந்த முறை என்பதைத் தாளின் வலது கீழ் மூலையிலுள்ள தலைப்புக் கட்டத்தில் நுனி வெட்டிய கூம்பின் சின்னம் காட்டும். ஒன்றனுள் ஒன்றான இரு வட்டங்கள் கூம்பின் பெரிய முனைப் பக்கம் இருந்தால் முதற்கோணம். சிறிய முனைப் பக்கம் இருந்தால் மூன்றாம் கோணம். சின்னத்தைப் போட மறப்பது சிறு பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காது நீண்ட பிராக்கெட்டை முறை மாற்றிப் படித்துவிட்டால், இடக்கைப் பாகத்துக்குப் பதில் வலக்கைப் பாகம் தயாராகி, இரும்பும் கூலியும் வீணாகும்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அரிசி ஆலைகளிலிருந்து ஷாஃப்டுக்குக் கொண்டுவரும் படங்களில் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. படம் போடுகிறவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?
– வாசகர், புதுவயல்

பதில்: முதலில் அலகைச் சொல்வேன். 'ஒன்றரை இஞ்ச் ஒரு நூல்' என்று ஒரு முனையிலும் மில்லிமீட்டரில் மறுமுனையிலும் எழுதினால் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு; அந்த ஒன்றரை இஞ்ச் ஒரு நூல் 41.275 மில்லிமீட்டர், 41 என்று ஒருவரும் 42 என்று இன்னொருவரும் எடுத்துக்கொண்டால் பேரிங் ஏறாது. அளவு முழுவதும் மில்லிமீட்டரில் என்று தலைப்புக் கட்டத்தில் ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, படத்தில் எண்களை மட்டும் போட வேண்டும்.

அடுத்து, ஓர் அளவை ஒரு முறைதான் கொடுக்க வேண்டும். 40, 60, 50 என்று மூன்று படிகளையும் எழுதி மொத்தம் 150 என்றும் எழுதுவது உதவியாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படியிலும் 0.1 மில்லிமீட்டர் கூடினால் மொத்தத்தில் 0.3 கூடிவிடும், அப்போது எதைக் காப்பாற்றுவது என்று கடைசல்காரருக்குத் தெரியாது. லேத்தில் ஒரு முகத்தைச் சீவி அங்கிருந்துதானே எல்லாம் அளக்கிறீர்கள்? படத்திலும் அந்த முகத்திலிருந்தே 40, 100, 150 என்று கொடுப்பதே முறை. விட்டத்தின் முன் Φ குறியும் ஆரத்தின் முன் ஆர் எழுத்தும் கட்டாயம். கீவேயின் (சாவிக்கட்டை உட்காரும் பள்ளத்தின்) ஆழத்தை ஷாஃப்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து கீவேயின் அடிவரை உள்ள தூரமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கீவே வெட்டியதும் மேற்புற வளைவு போய்விடுகிறது, அங்கிருந்து அளக்க இடமில்லை. அளவுக்கோடு வெளிவிளிம்பிலிருந்து எட்டுப் பத்து மில்லிமீட்டர் தள்ளி நிற்பதும், அம்புமுனை அகலத்தைப் போல மும்மடங்கு நீண்டிருப்பதும் படிப்பவரின் கண்ணுக்குச் செய்யும் உதவி.

கேள்வி: கணினியில் வரையும் காலத்தில் கையால் வரைந்து பழக வேண்டுமா?
– மாணவர், கோட்டையூர்

பதில்: முதல் சில மாதங்களுக்கு வேண்டும். கணினி கோட்டை நேராகப் போடும். எந்தக் கோடு எங்கே வர வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் ஐயா காலத்து வீட்டைப் பழுதுபார்க்கும் முன் அளந்து வரைந்துவைக்க விரும்புகிறோம். முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீண்ட வீடு. எங்கிருந்து தொடங்குவது? எந்த அளவில் வரைவது?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: மிக நல்ல முயற்சி. முகப்பு வாசலில் நின்றால் வளவு என்னும் நடு முற்றத்தைத் தாண்டி இரண்டாங்கட்டு வழியாகப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும் அமைப்பு உங்கள் பக்கத்து வீடுகளின் தனிச்சிறப்பு. அந்தப் பார்வைக்கோட்டையே வரைபடத்தின் அச்சாக்கிக்கொள்ளுங்கள். கதவுகளின் நடுவே இறுக்கமாக ஒரு நூலைக் கட்டி, முகப்புப் படியிலிருந்து நூல் நெடுகத் தொடர் அளவாக எழுதிக்கொண்டு, தூண், சுவர், நிலை ஒவ்வொன்றுக்கும் நூலிலிருந்து இடத்திலும் வலத்திலும் எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். அறைக்கு அறை தனித்தனியாக அளந்து கூட்டிக்கொண்டே போனால் பின்கட்டுக்கு வரும்போது பிழையும் கூடிவிடும். வளவின் இரு மூலைவிட்டங்களையும் அளக்கத் தவறாதீர்கள்; இரண்டும் சமமாக இல்லாவிட்டால் வளவு சற்றுக் கோணலாக அமைந்திருக்கிறது, அதை அப்படியே வரைய வேண்டும், நேராக்கிவிடக் கூடாது.

உதாரணமாக, வீடு 60 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் இருப்பதாகக் கொள்வோம். 1:100 அளவில் அது 600 × 180 மில்லிமீட்டர் ஆகும். 594 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ2 தாளில் அடங்காது, 841 × 594 உள்ள ஏ1 தாள் வேண்டும். 1:200 என்றால் 300 × 90. ஏ3 தாளில் இடப்பக்கம் 20, மற்றப் பக்கங்களில் 10 மில்லிமீட்டர் விளிம்பு விட்ட பிறகும் வசதியாக அமரும், ஆனால் கதவு நிலைகளின் விவரம் காட்ட முடியாது. ஆகவே முழு வீட்டை 1:100-இலும், ஒரு தூணையும் ஒரு நிலையையும் 1:10-இலும் தனித்தாளில் வரையலாம்.

தரைப்படம் என்பது தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பது. வெட்டுப்பட்ட சுவரும் தூணும் தடித்த கோடு. கீழே தெரியும் திண்ணை விளிம்பும் படிகளும் மெல்லிய கோடு. தலைக்கு மேலிருக்கும் வளவுக் கூரையின் ஓரம் இடைவிட்ட கோடு. ஆத்தங்குடிக் கற்களை ஒவ்வொன்றாக வரைந்து தாளை நிரப்ப வேண்டாம். தளத்தில் ஒரு குறிப்பு எழுதி, கல்லின் கோலத்தை மட்டும் 1:2 அளவில் ஒரு மூலையில் காட்டினால் போதும். முன்னிருந்து பின்வரை அச்சின் வழியே ஒரு வெட்டுத்தோற்றமும் அவசியம். கட்டுக்குக் கட்டு தரைமட்டம் எவ்வளவு மாறுகிறது என்பது தரைப்படத்தில் தெரியாது. எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பதை இரு முனையும் தடித்த சங்கிலிக்கோட்டால் காட்டி, பார்க்கும் திசையில் அம்புக்குறி போட்டு, அ–அ என்று பெயரிடுங்கள். வலது கீழ் மூலையிலுள்ள தலைப்புக் கட்டத்தில் அளவு விகிதம், அலகு, அளவெடுத்த தேதி, வரைந்தவர் பெயர் ஆகியவையும், தாளின் மேற்புறத்தில் வடக்குக் குறியும் இருக்க வேண்டும். பழுதுபார்க்கும்போது மாற்றியவற்றை அதே தாளில் அழித்து எழுதாமல், தேதியிட்டுப் புதிய தாளில் வரைந்து பழையதோடு சேர்த்துவையுங்கள்.