பக்கத்து ஊருக்கு விதை நெல் கொடுக்க உரிமம் வேண்டுமா?

கேள்வி: என் வயலில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பா விதை நெல்லைப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் கேட்கிறார்கள். பணமாகவோ, அறுவடைக்குப் பின் நெல்லாகவோ தருவதாகச் சொல்கிறார்கள். உரிமம் இல்லாமல் கொடுத்தால் வழக்கு வரும், தன் மூலமாக மூட்டை கட்டி விற்பதே பாதுகாப்பு என்கிறார் ஒரு விதை வியாபாரி. இது உண்மையா? (திருவாரூர் மாவட்ட வாசகர்)

பதில்: உண்மையில்லை. நீங்கள் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். உரிமம் என்பது விதை விற்பனையைத் தொழிலாக நடத்துபவருக்கு உரியது. தாம் விளைவித்த விதையைத் தம் இடத்திலேயே, விதைக்கப்போகும் இன்னொருவருக்கு நேரடியாகத் தருபவருக்கு 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் பொருந்தாது என்று அதன் 24-ஆம் பிரிவே சொல்கிறது. இதில் ‘நேரடியாக’ என்பதைக் கவனியுங்கள். உங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் வியாபாரி நடுவில் நுழைந்தால், சட்டம் தரும் அந்த விலக்கையே நீங்கள் இழக்கிறீர்கள். விதையை விடுங்கள், உங்கள் பயத்துக்கே அவர் விலை வைத்திருக்கிறார்.

பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டம், 2001 இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு நிறுவனம் பதிவு செய்து பாதுகாப்புப் பெற்ற இரகமாகவே இருந்தாலும், அதைச் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, பரிமாற, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது 39-ஆம் பிரிவு.

தடை ஒன்றுதான், அதில்தான் பலர் சிக்குகிறார்கள். பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையைப் பையிலோ வேறு கொள்கலனிலோ அடைத்து, அது இன்ன பாதுகாக்கப்பட்ட இரகம் என்று தெரியும்படி முகப்புச்சீட்டு ஒட்டி விற்கக் கூடாது. வெறும் சாக்கில் அளந்து கொடுத்து, பெயரை வாயால் சொன்னால் போதும். வீட்டில் கிடக்கிறதே என்று பழைய நிறுவனப் பையில் போட்டுக் கொடுக்காதீர்கள்; பை நன்றாக இருக்கிறது, வீணாகப் போகிறதே என்ற சிக்கனமே வினையாகிவிடும். உங்கள் மாப்பிள்ளைச் சம்பா எந்த நிறுவனத்தின் சொத்துமில்லை என்றாலும், நாளை வேறு இரகம் கொடுக்கும்போதும் கை இந்தப் பழக்கத்தில் நிற்க வேண்டும். வியாபாரி கட்டித் தருவதாகச் சொல்லும் மூட்டையில் பெயர் அச்சிட்டிருந்தால், பாதுகாக்கப்பட்ட இரகத்துக்கு அதுவும் இதே காரணத்தால்தான் ஆகாது.

2019-இல் குஜராத்தில், தான் பதிவு செய்த இரகத்தைப் பயிரிட்டதாக உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்து, சிலரிடம் ஒரு கோடிக்கும் மேல் இழப்பீடு கேட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டில் திரும்பப் பெற்றது. சட்டம் தெளிவாக இருந்தும் விவசாயி நீதிமன்றம் வரை அலைய வேண்டியிருந்தது. மானியப் பட்டியலைச் சுவரில் ஒட்டத் தெரிந்த வேளாண் அலுவலகங்கள் இந்த 39-ஆம் பிரிவைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தால், உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலையே இருந்திருக்காது.

கொடுக்குமுன் 100 நெல்லை ஈரச் சாக்கில் முளைகட்டிப் பாருங்கள். 80-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையைக் கொடுக்காதீர்கள். வீரிய ஒட்டு இரகத்தின் அறுவடையை விதையாகப் பகிர வேண்டாம், அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும்.

பணமா நெல்லா என்பது உங்கள் விருப்பம். உங்கள் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது ஏற்பாடு. அதையே நீங்களும் பின்பற்றலாம்.

அடுத்து, இரகத்தை உங்கள் பெயரில் பதிவு செய்து தருகிறேன், கட்டணம் கொடுங்கள் என்றும் யாராவது வருவார்கள். மேலே சொன்ன 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, பதிவு நடவடிக்கைகளில் விவசாயியோ விவசாயிகள் குழுவோ எந்தக் கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை.