மழைக்குப் பிறகு பெட்டி நண்டு சாவது: முதலில் உப்பை அளந்து பாருங்கள்

வணக்கம் சகோதரர். மட்டக்களப்பு வாவியில், வவுணதீவில் மிதவைப் பெட்டிகளில் விட்ட நண்டுகள் மார்கழி மழைக்குப் பிறகு தீனி தொடாமல் தினமும் இரண்டு மூன்றாகச் சாகின்றன என்று எழுதியிருந்தீர்கள். நோய் மருந்து தேடும் முன் நீரின் உப்பை அளந்து பாருங்கள்.

சேற்று நண்டுக்கு 10 முதல் 25 பிபிடி (ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு என்ற அளவு) நல்லது. 5 வரை தாங்கும், ஆனால் மெல்ல இறங்கினால்தான். ஓரிரவில் 20இலிருந்து 3க்கு விழுந்தால், கோது கழற்றிய மென்நண்டுதான் முதலில் போகும். வெள்ளநீர் பாரம் குறைந்தது, வாவியின் மேலே படரும். உங்கள் பெட்டிகள் மிதப்பதும் அந்தப் படையில்தான்.

உப்புமானியால் மேற்பரப்பிலும் ஒரு மீற்றர் ஆழத்திலும் தனித்தனியே பாருங்கள். கீழே உப்பு கூட என்றால் பெட்டிகளைக் கயிற்றில் இறக்குங்கள். சேற்றில் முட்ட விடாதீர்கள், அங்கே ஒட்சிசன் குறைவு. அடியிலிருந்து ஓரடியாவது இடைவெளி வேண்டும்.

இரண்டு இடத்திலும் 5க்குக் கீழே என்றால் பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடல்நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். கோது இறுகியதைக் கட்டி விற்றுவிடுங்கள். நனைந்த சாக்கால் மூடி நிழலில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். தயவுசெய்து வாளித் தண்ணீரில் போடாதீர்கள், அசையாத நீரில் ஒட்சிசன் தீர்ந்து மூச்சுமுட்டிச் சாகும். மென்நண்டைக் காற்றுப் பம்பி உள்ள தொட்டிக்கு மாற்றுங்கள்: கல்லடிக் கடல்நீர் ஒரு பங்கு, வாவிநீர் மூன்று பங்கு, இரண்டு நாளில் சிறிது சிறிதாகச் சரிபாதியாக்குங்கள்.

தீனியை உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போடாமல், மிச்சத்தைக் காலையிலேயே அள்ளிவிடுங்கள்.