குரோம் 109-ல் நின்றுவிட்ட கம்ப்யூட்டர்: பிரவுசரை மாற்றினால் போதுமா?

கேள்வி: மும்பை தாராவியில், 90 அடி சாலைப் பக்கம் தோல் பை கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7, 4 ஜிபி ராம். குரோமைத் திறந்தாலே, இனி அப்டேட் வேண்டுமென்றால் விண்டோஸை மாற்று என்று மேலே ஒரு பட்டை வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் போடச் சொல்கிறான் மகன். பிரேவ்தான் வேகம் என்கிறார் சர்வீஸ் பார்ப்பவர். ஜிஎஸ்டி, நெட்பேங்கிங் எல்லாம் இதில்தான் செய்கிறேன். எதற்கு மாறலாம்?

பதில்: உங்கள் மகன் சொல்வது பாதி சரி. சர்வீஸ்காரர் சொல்வது உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது.

குரோமில் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, ஹெல்ப், அதற்குள் அபௌட் கூகுள் குரோம் என்று போய்ப் பாருங்கள். 109 என்று தொடங்கும் எண் இருக்கும். விண்டோஸ் 7-க்கு குரோம் கொடுத்த கடைசிப் பதிப்பு அதுதான், 2023 ஜனவரியில் வந்தது. பிரேவ், எட்ஜ், ஓபரா எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. அந்த அடித்தளமே விண்டோஸ் 7-ஐக் கைவிட்ட பிறகு, மேலே பெயர் மாறி என்ன பயன்?

ஃபயர்ஃபாக்ஸ் தனி அடித்தளம். அதன் 115 ஈஎஸ்ஆர், அதாவது நீண்ட காலம் ஆதரவு தரும் பதிப்பு, விண்டோஸ் 7-லும் ஓடும். மோசில்லா அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளின் கெடுவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டித்திருக்கிறது. எனவே மோசில்லாவின் சொந்தத் தளத்தில் கெடு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இது தற்காலிக ஏற்பாடுதான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே பொது ஆதரவை நிறுத்திவிட்டது. காசு கட்டிய நிறுவனங்களுக்குக் கொடுத்த நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. கதவை மாற்றலாம், சுவர் இடிந்துதான் கிடக்கிறது.

பழைய பிரவுசர் ஓடத்தானே செய்கிறது என்று தோன்றும். 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைக் காட்டும் நிரலில் ஒரு ஓட்டை தெரியவந்தது. விஷமமான ஒரு படம் திரையில் வந்தாலே போதும் என்ற அளவுக்கு ஆபத்து. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அவசரமாக அடைத்தன. இதுபோன்றவை அப்புறமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்டேட் நின்றுபோன பிரவுசரில் அவை திறந்தே கிடக்கும். அதனால் நெட்பேங்கிங்கை மட்டும் உடனே அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். போனில் செய்யலாம், ஆனால் போன் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 2025-லிருந்து குரோம் அதற்குக் கீழே உள்ள போன்களையும் விட்டுவிட்டது.

மாறும்போது பாஸ்வேர்டுகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸை நிறுவும்போதே குரோமிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு, அதையே பயன்படுத்துங்கள். சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்தால், அதை நோட்பேடில் திறந்து பாருங்கள்: தளத்தின் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு, மூன்றும் காற்புள்ளி போட்டு வரிவரியாக அப்படியே தெரியும். கடைப் பையன் எக்செலில் திறந்தாலும் தெரியும். வேலை முடிந்ததும் அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

இனி நிரந்தர வழி. விண்டோஸ் 10 போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதன் இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். விண்டோஸ் 7 காலத்துப் பெட்டிக்கு இது எட்டாது. லாமிங்டன் ரோட்டில் பயன்படுத்திய ஆபீஸ் லேப்டாப் பார்ப்பதாக இருந்தால், பிராசசர் பெயரைக் கவனியுங்கள். ஐ5-8250யு என்பதில் கோட்டுக்கு அடுத்து வரும் 8தான் தலைமுறை. ஐ5-7200யு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கடையிலேயே விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி tpm.msc என்று தட்டிக் காட்டச் சொல்லுங்கள், 2.0 என்று வர வேண்டும். ராம் 8 ஜிபி, எஸ்எஸ்டி, இந்த இரண்டிலும் பேரம் பேசாதீர்கள். நீங்கள் 'வேகம்' என்று தேடுவது பெரும்பாலும் இவற்றில்தான் கிடைக்கும், பிரவுசரில் அல்ல.

பழைய பெட்டியிலேயே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுவதும் ஒரு வழி, செலவில்லை. டேலி கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் மட்டும் யோசியுங்கள், அது விண்டோஸுக்கானது. ஜிஎஸ்டி தாக்கல் தடையாகாது: தனி உரிமையாளர் என்றால் ஓடிபி மூலமே கையெழுத்தை முடிக்கலாம். கம்பெனி, எல்எல்பி என்றால்தான் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். அப்போது விண்டோஸே தலைவலி குறைவு.

புது மெஷினில் எந்த பிரவுசர் என்பது உங்கள் விருப்பம். விளம்பரத் தொல்லைதான் பிரச்சினை என்றால், யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானின் முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் ஓடுகிறது. குரோமில் அதன் லைட் வடிவம் மட்டும்தான். பிரேவில் தடுப்பான் உள்ளேயே இருக்கிறது. சர்வீஸ்காரர் பேச்சை அங்கே தாராளமாகக் கேட்கலாம்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். இணைய கேபிளைக் கழற்றிவிட்டு பில் போட வைத்துக்கொள்ளுங்கள்.