அமெரிக்காவின் மினியாபோலிஸில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டுமா?

தேவையே இல்லை. ஜனவரியில் பகலில் சராசரியாக மைனஸ் 5 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 13 வாக்கில் இருக்கும். ஆனால் ஆளை வாட்டுவது காற்றுதான். பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், நடையை நிறுத்தியதும் நடுக்கம் பிடிக்கும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ் (மென்மையான செயற்கை இழைத் துணி), மேலே காற்றுத் தடுப்பு ஜாக்கெட். பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும்.

ஹாரியட் போன்ற ஏரிகளில் நடக்க, தெளிவான புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால், அது நனைந்த பனி உறைந்தது. உள்ளே காற்றுக்குமிழ்கள் இருப்பதால் பலம் பாதிதான். அங்கே 8 அங்குலம் பாருங்கள். போகப் போகத் துளையிட்டு அளக்க வேண்டும், கால்வாய் சேருமிடங்களில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். பனி பெய்யாத வாரத்திலும் ஸ்கீ ஓட்ட தியோடர் வர்த் பூங்காவில் செயற்கைப் பனி உண்டு. கடுங்குளிர் நாளுக்கு, டவுன்டவுன் கட்டடங்களை மாடி உயரத்தில் இணைக்கும் மூடிய நடைபாதையான ஸ்கைவே. வார இறுதியில் அதன் பல பகுதிகளைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். மினியாபோலிஸ் கலைக்கூடத்தில் பொது நுழைவு இலவசம்.

கோடைக்கு யோசனையே வேண்டாம்: ஏரி, சைக்கிள், ஆகஸ்ட் கடைசியில் மாநிலக் கண்காட்சி.

கார் வைத்திருந்தால் ஒன்று. தெருப்பனியை அகற்ற நகராட்சி பனி அவசரநிலை அறிவித்தால், முதல் நாள் இரவு 9 மணியிலிருந்து அவசரநிலைப் பாதைகளில் (முதலில் பனி அகற்றப்படும் முக்கியச் சாலைகள்) இருபுறமும் நிறுத்தக்கூடாது. தவறினால் இழுத்துப் போய்விடுவார்கள்.