நிருபர்கள் வருவார்களா?

கேள்வி: எங்கள் ஏரிப் பாதுகாப்புச் சங்கம் சென்னையில் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தவிருக்கிறது. எதில் கவனம் தேவை?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: சட்டமன்றம் கூடும் நாளைத் தவிர்த்துவிடுங்கள், அன்று உங்கள் ஏரியை யாரும் சீந்தமாட்டார்கள். சேப்பாக்கம் பத்திரிகையாளர் மன்றத்தில் காலை 11 மணி என்றால் மறுநாள் பதிப்புக்கு அவகாசம் இருக்கும். நிர்வாகிகள் அத்தனை பேரையும் மேடையில் அடுக்காதீர்கள். ஒருவர் 10 நிமிடம் பேசட்டும், மிச்சம் கேள்விகளுக்கு. (பொன்னாடையோடு யாராவது கிளம்பினால் வாசலிலேயே நிறுத்துங்கள்.) அறிக்கை ஒரே பக்கம். சர்வே எண், ஆக்கிரமிப்பின் பரப்பு, மனு கொடுத்த தேதி மூன்றும் முதல் பத்தியிலேயே வரட்டும். நிருபரின் பேனா அங்கேதான் அடிக்கோடிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஸ்கேன் செய்த படமாக வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள். மறுபடி தட்டச்சு செய்ய எங்களுக்குப் பொறுமை கிடையாது. கவரில் பணம் வைக்கும் யோசனை இருந்தால், இப்போதே கைவிடுங்கள்.